பனிக்காலத்துக் கூடுகள்

ஒரு நாட்டின் நிலங்களுக்குக் கணக்கு உண்டு. எந்தப் புலம் எவருக்கு உரியது, அதில் விளைவது நெல்லா வரகா, கிணறு உண்டா இல்லையா என்பன எல்லாம் ஊர்க் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். ஆடு மாடுகளுக்கும் கணக்கு உண்டு. அவற்றை வளர்ப்போரைக் கேட்டால் தொகை தெரிந்துவிடும். மக்களை வீடு வீடாகச் சென்று எண்ணலாம். ஆனால் அந்நிலத்தின் மரங்களிலும் புதர்களிலும் புல்வெளிகளிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவைகளுக்குக் கணக்கு எழுதுவோர் யார்? அவற்றுக்கு உரிமையாளர் இல்லை. கதவு எண் இல்லை. கேட்டால் விடை கூற அவற்றுக்குத் தெரியாது. நாமே சென்று, பொறுமையோடு பார்த்து, பார்த்ததைப் பார்த்தவாறு எழுதினால் அன்றி அக்கணக்கு எழுதப்படாது.

இத்தகைய கணக்கு ஒன்றை அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த நியூயார்க் மாநிலத்து மக்கள் மூன்று முறை எழுதியிருக்கிறார்கள். முதன்முறை 1980 முதல் 1985 வரை. இரண்டாம் முறை 2000 முதல் 2005 வரை. மூன்றாம் முறை 2020 முதல் 2024 வரை. இருபதாண்டுக்கு ஒருமுறை, ஊதியம் எதுவும் பெறாத தொண்டர்கள் மாநிலம் முழுவதும் நடந்து, எந்தெந்தப் பறவை எங்கெங்கே இனம் பெருக்குகிறது என்று பதிவு செய்தார்கள். அத்தொண்டர்களுள்ளும், மற்றவர்கள் பறவைகளைப் பற்றி நினைக்கவே தொடங்காத பனிக்காலத்தில் வெளியே சென்றவர்களைப் பற்றி மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சிறப்பாகச் சொல்ல விரும்புகிறேன்.

நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்களே நம் கண்முன் நிற்கும். அது நகரத்தின் தோற்றம். மாநிலமோ மிகப் பெரியது. பால் மாடுகள் மேயும் புல்வெளிகளும், ஆப்பிள் தோட்டங்களும், பெரிய ஏரிகளும், வடக்கே அடிராண்டாக் என்னும் அடர்ந்த காட்டு மலைகளும் அதில் அடங்கும். இவ்வளவு பரந்த நிலத்தில் பறவைகளைத் தேடுவது எப்படி? விரும்பிய இடத்துக்கு விரும்பியவர் செல்வது என்று விட்டுவிட்டால், எல்லோரும் பறவைகள் மிகுந்த ஏரிக்கரைக்கே செல்வர். சோளக்கொல்லையையும் சிற்றூரின் பின்புறத்துப் புதரையும் எவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அப்படி எழுதிய கணக்கு, பறவைகள் இருக்கும் இடத்தைக் காட்டாது. பறவை பார்ப்போர் இருக்கும் இடத்தையே காட்டும்.

இக்குறையை நீக்கும் வழியை முதலில் காட்டியவர்கள் பிரிட்டனின் தாவர அறிஞர்கள். அவர்கள் நாட்டின் படத்தின்மேல் பத்துக் கிலோமீட்டர்ச் சதுரங்களைக் கோடிட்டு, ஒவ்வொரு செடியும் எந்தெந்தச் சதுரத்தில் வளர்கிறது என்று புள்ளியிட்டுக் காட்டிய பெருநூலை 1962இல் வெளியிட்டார்கள். பறவை ஆர்வலர்கள் அம்முறையைக் கைக்கொண்டார்கள். இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் வட்டாரத்தின் பறவைப் படநூல் 1970இல் வந்தது. பிரிட்டன், அயர்லாந்து முழுமைக்குமான களப்பணி 1968 முதல் 1972 வரை நடைபெற்று, அதன் நூல் 1976இல் வெளிவந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1974இல் இப்பணியைத் தொடங்கிற்று. அவ்வழியிலேயே நியூயார்க் மாநிலமும் தன் நிலத்தை ஐந்து கிலோமீட்டர் நீளமும் ஐந்து கிலோமீட்டர் அகலமும் உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களாகப் பிரித்தது. முதற்கணக்கில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் பங்கு கொண்டார்கள். கட்டம் என்று ஒன்று வகுத்துவிட்டால், அழகிய ஏரிக்கும் அழகற்ற கொல்லைக்கும் ஒரே மதிப்பு. அந்தக் கட்டத்துக்கு ஒருவர் போயே ஆகவேண்டும். அங்கே உள்ளதை எழுதியே ஆகவேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பறவை என்பது பறந்து திரிவது. இன்று இங்கும் நாளை வேறிடத்தும் காணப்படுவது. அதை ஒரு கட்டத்துக்கு உரியது என்று எப்படிச் சொல்வது? இதனால்தான் அவர்கள் கண்ணில் பட்ட பறவைகளை எல்லாம் எழுதாமல், இனம் பெருக்கும் பறவைகளை மட்டுமே கணக்கில் கொண்டார்கள். ஒரு பறவை ஓராண்டில் ஆயிரம் மைல் பறக்கலாம். ஆனால் முட்டையிட்ட நாள் முதல் குஞ்சு பறக்கும் நாள் வரை அது ஓரிடத்துக்குக் கட்டுப்பட்டது. அந்த இடத்து மரம் அதற்கு வேண்டும்; அந்த இடத்துப் புழுவும் விதையும் நீரும் வேண்டும். ஆகவே ஒரு பறவை கூடு கட்டும் இடமே அதன் வீடு என்பது பொருந்தும். அந்த வீடு இருக்கிறதா, அழிந்ததா என்பதே நாம் அறியவேண்டுவது.

ஆனால் கூட்டைக் காண்பது எளிதன்று. மறைப்பதற்காகவே கட்டப்படுவது கூடு. ஆகவே தொண்டர்கள் தாம் கண்டதை மூன்று தரமாகப் பிரித்து எழுதினார்கள். ஏற்ற பருவத்தில், ஏற்ற இடத்தில் ஓர் ஆண் பறவை பாடக் கேட்டால், அது அங்கே இனம் பெருக்கக்கூடும் என்பது முதல் தரம். அதே இடத்தில் ஒரு வாரம் கழித்தும் அது பாடக் கேட்டாலோ, ஆணும் பெண்ணும் இணையாகத் திரியக் கண்டாலோ, எல்லைக்காக வேறொரு பறவையோடு சண்டையிடக் கண்டாலோ, பெரும்பாலும் இனம் பெருக்குகிறது என்பது இரண்டாம் தரம். முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கண்டாலும், தாய்ப்பறவை வாயில் புழுவைக் கவ்விக்கொண்டு மீண்டும் மீண்டும் ஒரே புதருக்குள் நுழையக் கண்டாலும், இப்போதுதான் கூட்டை விட்டு வந்த, சிறகு முற்றாத குஞ்சுகளைக் கண்டாலும், உறுதி என்பது மூன்றாம் தரம். நீதிமன்றத்தில் சான்றுகளை எடை போடுவது போன்ற முறை இது. கேட்டதைக் கேட்டதாகவும், கண்டதைக் கண்டதாகவும் எழுதவேண்டும். முதல் தரச் சான்றை வைத்துக்கொண்டு மூன்றாம் தரமாக எழுதுவதற்கு இடமில்லை.

இனி, பருவத்தைப் பற்றிச் சொல்கிறேன். அந்நாட்டில் பறவைகள் பெரும்பாலும் மே, ஜூன், ஜூலை மாதங்களில் இனம் பெருக்கும். பனி உருகி, இலை தளிர்த்து, பூச்சிகள் பெருகும் காலம் அது. தெற்கே சென்றிருந்த பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பிவந்து விடியற்காலையில் பாடும். தொண்டர்களும் அப்போதுதான் மிகுதியாக வெளியே வருவார்கள். ஆனால் அந்த மாதங்களை மட்டும் நம்பி எழுதிய கணக்கில் சில முக்கியமான பறவைகள் விடுபட்டுப்போகும். அவை தம் வேலையை முன்னமே முடித்துவிட்டிருக்கும்.

அவற்றுள் தலையாயது அமெரிக்கக் கொம்பன் ஆந்தை. தலையில் இரண்டு கொம்புகள் போல இறகுக் குஞ்சம் உடைய பெரிய ஆந்தை அது. நம் மார்கழி, தை மாதங்களில், அங்கே ஏரிகள் கல்லாக உறைந்து கிடக்கும்போது, இந்த ஆந்தை இணைகள் இரவில் ஒன்றையொன்று அழைத்துக் குரலெழுப்பும். ஜனவரி மாதக் கடைசியிலோ பிப்ரவரியிலோ பெண் ஆந்தை முட்டையிடும். அது தானாகக் கூடு கட்டுவதில்லை. பருந்தோ காகமோ நாரையோ கட்டிவிட்டுச் சென்ற பழைய கூட்டில் குடிபுகும். ஏறத்தாழ ஒரு மாதக்காலம் அடைகாக்கும். முதுகின்மேல் பனி படிந்து கிடக்க, அசையாமல் அமர்ந்து, அடியில் உள்ள முட்டைகளைச் சூடு குறையாமல் காக்கும். ஆண் ஆந்தை இரை கொண்டுவந்து கொடுக்கும்.

ஏன் இத்தனை குளிரில் முட்டையிட வேண்டும்? ஆந்தைக் குஞ்சு விரைவில் வளர்ந்து தானே பிழைத்துக்கொள்வதன்று. கூட்டை விட்டு வந்த பின்னும் பல மாதங்கள் பெற்றோர் அதற்கு உணவு ஊட்டவேண்டும். இருளில் இரை பிடிக்க அது பழகவேண்டும். அடுத்த குளிர்காலம் வருவதற்குள் அப்பயிற்சி முற்றுப்பெற வேண்டுமானால், இந்தக் குளிர்காலத்திலேயே தொடங்கியாகவேண்டும். ஜூன் மாதத்தில் காட்டுக்குள் செல்பவர் இந்த ஆந்தையின் கூட்டைக் காண்பது அரிது. இலைகள் மறைத்திருக்கும், கூடும் வெறுமையாக இருக்கும். பிப்ரவரியிலோ மரங்கள் இலையற்று நிற்கும். பெரிய கூடுகள் வானத்தின் பின்னணியில் தெளிவாகத் தெரியும். அக்கூட்டின் விளிம்புக்கு மேலே இரண்டு குஞ்சங்கள் தெரிந்தால் போதும். உறுதி என்று எழுதிவிடலாம்.

அடிராண்டாக் மலைகளில் கனடா ஜே என்னும் சாம்பல் நிறப் பறவை வாழ்கிறது; காக்கையின் உறவினம் அது. இலையுதிர் காலத்திலேயே அது தன் உணவைத் துண்டு துண்டாக எடுத்து, பசை போன்ற உமிழ்நீரால் ஒட்டி, மரப்பட்டைகளின் பின்னும் கிளை இடுக்குகளிலும் சேமித்து வைக்கும். அந்தச் சேமிப்பைக் கொண்டு, தரையில் பனி ஆழமாகக் கிடக்கும் மார்ச் மாதத்திலேயே முட்டையிட்டு அடைகாக்கும். கிராஸ்பில் என்ற சிறு பறவையின் வழக்கம் இன்னும் வியப்பானது. அதன் மேலலகும் கீழலகும் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று தாண்டி நிற்கும். ஊசியிலை மரங்களின் காய்களைப் பிளந்து விதை எடுப்பதற்கு ஏற்ற அமைப்பு அது. காய்கள் மிகுந்திருந்தால் அப்பறவை மாதம் பார்ப்பதில்லை. நடுக் குளிர்காலத்திலும் கூடு கட்டும். மார்ச் மாதத்து மாலை மங்கலில், வுட்காக் என்னும் நீண்ட அலகுடைய பறவையின் ஆண், ஈரமான வயலோரங்களிலிருந்து வட்டமிட்டு வட்டமிட்டு வானில் ஏறி, கீச்சொலியோடு இறங்கும். அந்தி சாய்ந்த சிறிது நேரமே நிகழும் அந்த ஆட்டத்தைக் காண, குளிரில் நின்று காத்திருப்பவரே தகுதியுடையவர்.

ஆகவே முன்பருவத்துத் தொண்டர் செய்யும் பணி, மற்றவர்கள் பணிக்கு முன்னுரை அன்று. அவர் செய்யாவிட்டால் வேறு எவராலும் ஈடு செய்ய முடியாத தனிப் பணி. இரவில் மக்கள் நடமாட்டமில்லாத சாலையோரத்தில் நின்று ஆந்தைக் குரலுக்குச் செவி கொடுக்கவேண்டும். நிலத்துக்கு உரியவரிடம் சென்று வணக்கம் கூறி, வந்த நோக்கத்தைச் சொல்லி, தோட்டத்துக்குள் நுழைய இசைவு பெறவேண்டும். பல முறை சென்றும் ஒன்றும் காணாமல் திரும்பவேண்டியிருக்கும். அவ்வாறு காணாமல் திரும்பியதும் வீண் அன்று. எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு நேரம் தேடினேன் என்ற குறிப்போடு 'காணவில்லை' என்று எழுதினால் அதுவும் ஓர் அறிவே. தேடாமல் விட்டதற்கும் தேடிக் காணாததற்கும் உள்ள வேறுபாடு பெரிது. குறிப்பு இல்லையானால் இரண்டும் ஒரே வெற்றிடமாகத் தோன்றும்.

முன்பருவத்தில் பணி செய்வோர்க்கு மற்றோர் இடர் உண்டு. அது குளிரைக் காட்டிலும் வலியது. ஏனென்றால் அது நம் ஆசையிலிருந்து பிறக்கிறது. ஏப்ரல் மாதத்தில் வெண்தொண்டைச் சிட்டு என்னும் பறவை நியூயார்க் நகரத்துப் பூங்காவில் இனிமையாகப் பாடும். இனம் பெருக்கும் பறவையின் பாட்டுத்தான் அது. ஆயினும் அப்பறவை அந்தப் பூங்காவில் கூடு கட்டப்போவதில்லை. வடக்கே மலைக்காடுகளுக்குச் செல்லும் வழியில் தங்கி, ஒத்திகை பார்ப்பது போலப் பாடுகிறது. சில வாரங்களில் போய்விடும். அதைக் கேட்டவுடன் பூங்காவுக்குரிய பறவை என்று எழுதினால், வழிப்போக்கரை ஊர்க் குடியாக எழுதிய பிழை நேரும். இதைத் தவிர்ப்பதற்காக ஒவ்வொரு பறவைக்கும் தனித்தனியே ஒரு நாள் வரம்பு வகுத்திருக்கிறார்கள். அந்த நாட்களுக்குள் காணப்பட்டால் அவ்விடத்துப் பறவையாக இருக்கக்கூடும். அதற்கு முன்னோ பின்னோ காணப்பட்டால் வலுவான சான்று வேண்டும்.

வெண்தலைக் கழுகைப் பற்றியும் இவ்வாறே சொல்லலாம். பிப்ரவரி மாதத்தில் ஹட்சன் ஆற்றின் உறையாத நீர்ப்பரப்புக்களில் வெண்தலைக் கழுகுகள் கூடியிருக்கும். அவற்றுள் பல கனடாவிலிருந்து குளிருக்கு அஞ்சி வந்தவை; பனி உருகியதும் திரும்பிவிடும். அதே மாதத்தில் அவ்வூர்க் கழுகுகள் சில தம் பழைய கூட்டுக்குப் புதுச் சுள்ளிகளைக் கொண்டுவந்து அடுக்கத் தொடங்கியிருக்கும். இரண்டும் ஒரே இனம், ஒரே தோற்றம். எது விருந்தாளி, எது வீட்டுக்காரன் என்று தோற்றத்தால் அறிய முடியாது, செயலால்தான் அறியவேண்டும். கழுகைக் கண்டேன் என்பது ஒரு செய்தி. கழுகு சுள்ளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பைன் மரத்துக்குச் சென்றதைக் கண்டேன் என்பது வேறொரு செய்தி. இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே நல்ல பதிவாளர்.

உறுதி என்று எழுதவேண்டும் என்ற ஆர்வம் இன்னொரு தீங்குக்கும் வழிவகுக்கலாம். கூட்டின் அருகே சென்று பார்த்தால் ஐயம் தீரும். ஆனால் உறைபனியில் அடைகாக்கும் தாய்ப்பறவை மனிதனைக் கண்டு அஞ்சி எழுந்தால், சிறிது நேரத்தில் முட்டைகள் குளிர்ந்து, உள்ளிருக்கும் கரு இறந்துபோகும். மனிதர் செல்லும் தடத்தைக் கண்டு காகங்களும் பிற கொள்ளை விலங்குகளும் கூட்டை அறிந்துகொள்வதும் உண்டு. ஆகவே, ஒரு கூட்டை உறுதி செய்வதைவிட அக்கூடு நிலைப்பதே முதன்மையானது என்பது இப்பணியின் முதல் விதி. தொலைவில் நின்று தொலைநோக்கியால் பார்க்கவேண்டும். பார்க்க முடியாவிட்டால், 'பெரும்பாலும்' என்று எழுதிவிட்டுத் திரும்பவேண்டும். அறிவைத் தேடிச் சென்றவரே அழிவுக்குக் காரணமாகிவிட்டால், எழுதிய எழுத்து உண்மையாக இருந்தும் பயன் என்ன?

இத்தனை கட்டுப்பாட்டோடு எழுதிய கணக்கினால் விளைந்த நன்மை யாது என்று நீங்கள் கேட்பது இயல்பு. வெண்தலைக் கழுகின் வரலாற்றைப் பாருங்கள். அமெரிக்க நாட்டின் சின்னமாகிய அக்கழுகு, நியூயார்க் மாநிலத்தில் 1976ஆம் ஆண்டில் ஒரே ஓர் இணை மட்டுமே எஞ்சி நின்றது. அந்த இணையாலும் குஞ்சு பொரிக்க முடியவில்லை. காரணம் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி. வயல்களிலும் காடுகளிலும் தெளித்த மருந்து நீரில் கலந்து, மீனில் சேர்ந்து, மீனைத் தின்ற கழுகின் உடலில் திரண்டது. அதனால் முட்டை ஓட்டின் கனம் குறைந்தது. அடைகாக்க அமர்ந்த தாயின் எடையாலேயே முட்டை உடைந்தது. இத்தகைய நஞ்சுகளின் தீமையை ரேச்சல் கார்சன் அம்மையார் 1962இல் எழுதிய நூல் உலகுக்கு எடுத்துரைத்தது. நியூயார்க் மாநிலம் 1971இலும், அமெரிக்கக் கூட்டரசு 1972இலும் அம்மருந்தைத் தடை செய்தன.

தடை செய்தால் மட்டும் கழுகு திரும்பிவிடுமா? 1976 முதல் 1988 வரை, பெரும்பாலும் அலாஸ்காவிலிருந்து, 198 கழுகுக் குஞ்சுகளைக் கொண்டுவந்து, உயர்ந்த மேடைகளில் வைத்து வளர்த்து, பறக்கும் பருவத்தில் விடுவித்தார்கள். இவ்வாறு விடப்பட்ட கழுகுகள் 1980இல் முதன்முதலாகக் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. மாநிலத்தின் முதற்பறவைக் கணக்கு தொடங்கிய ஆண்டும் அதுவே. அப்போது கழுகுக்குப் படத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க புள்ளிகளே கிடைத்தன. இருபதாண்டு கழித்து எழுதிய இரண்டாம் கணக்கில் ஆறுகளையும் ஏரிகளையும் ஒட்டிப் புள்ளிகள் பெருகிப் பரவியிருந்தன. 2010ஆம் ஆண்டில் மாநிலத்தில் 170க்கும் மேற்பட்ட இணைகள் இனம் பெருக்கின. ஒரு நல்ல சட்டமும் ஒரு பெருமுயற்சியும் பயன் தந்தன என்று கண்ணால் காணத்தக்க சான்று அப்படங்களில் இருக்கிறது.

ஆனால் கணக்கு என்பது நல்ல செய்தியை மட்டும் எழுதுவதன்று. அதே இரண்டு படங்களை ஒப்பிட்டபோது, புல்வெளிப் பறவைகள் பல இடங்களில் மறைந்துபோயிருந்தன. ஹென்ஸ்லோ சிட்டு என்ற சிறு பறவை, முதற்கணக்கில் இருந்த கட்டங்களுள் பெரும்பாலானவற்றில் இரண்டாம் கணக்கில் காணப்படவில்லை. அதை எவரும் வேட்டையாடவில்லை; நஞ்சிடவில்லை. உழவர்கள் கைவிட்ட மேய்ச்சல் நிலங்கள் புதராகிக் காடாயின. எஞ்சிய புல்வெளிகளிலோ வைக்கோலுக்காகப் புல்லை முன்னைவிட விரைவில் அறுக்கும் வழக்கம் வந்தது. புல்லுக்குள் கூடு கட்டும் பறவைகளின் குஞ்சுகள் பறக்கும் முன்னரே அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. காடு பெருகுவது நன்று என்று நாம் எண்ணுகிறோம். எல்லாப் பறவைக்கும் அது நன்றன்று என்பதைக் கட்டங்கள் காட்டின. அதை அறிந்த பின்னரே, குஞ்சுகள் பறக்கும் வரை அறுவடையைச் சற்றுத் தள்ளிப் போடுமாறு உழவர்களை வேண்டவும், அதற்கு உதவி செய்யவும் வழி பிறக்கிறது.

இன்னொரு செய்தி, எந்தத் தனி மனிதரும் கண்ணால் காண முடியாதது. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அறிஞர்கள் 129 வகைப் பறவைகளின் இரு கணக்குகளையும் ஒப்பிட்டார்கள். இருபதாண்டுக் காலத்தில் அப்பறவைகளின் வாழிடங்கள் சராசரியாக ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் வடக்கு நோக்கி நகர்ந்திருந்தன. வெப்பம் மிகுந்துவரும் உலகில் எதிர்பார்க்கத்தக்க திசையே அது. மூன்றரைக் கிலோமீட்டர் என்பது நாம் ஒரு மாலையில் நடக்கும் தூரம். தன் தோட்டத்தில் நின்ற எந்தத் தொண்டரும் 'பறவைகள் வடக்கே நகர்கின்றன' என்று கண்டதில்லை. அவர் கண்டது ஒரு மரத்தில் ஒரு பறவை, அவ்வளவே. ஆயிரக்கணக்கானோர் தத்தம் கட்டத்தில் கண்டதை உண்மையாக எழுதியதால், அவர்களில் எவரும் காணாத ஒன்று எல்லோருடைய எழுத்திலிருந்தும் வெளிப்பட்டது. அவர்களுள் நூறு பேர் ஆசையால் மிகைப்படுத்தி எழுதியிருந்தால், இத்தகைய சிறிய நகர்ச்சி அந்தப் பொய்களுக்குள் மூழ்கிப்போயிருக்கும். தனி மனிதரின் நேர்மைக்கும் பொது அறிவுக்கும் உள்ள தொடர்பு இதனினும் தெளிவாக வேறெங்கும் விளங்குவது அரிது.

காலம் மாறியது, கருவியும் மாறியது. முதற்கணக்கை எழுதியவர்கள் தாளிலும் அட்டையிலும் எழுதி அஞ்சலில் அனுப்பினார்கள். மூன்றாம் கணக்கின் தொண்டர்கள் கைப்பேசியிலேயே பதிந்து, நின்ற இடத்திலிருந்தே அனுப்பினார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் கூடம் நடத்தும் இபேர்ட் என்னும் இணையத் தொகுப்பில் அவை சேர்ந்தன. கட்டங்களையும் சற்று மாற்றி, சுமார் மூன்று மைல் சதுரமாக வகுத்து, மாநிலம் முழுவதும் பரவியிருக்கும் ஒரு பகுதியை முன்னுரிமைக் கட்டங்களாகக் குறித்துக்கொண்டார்கள். ஆனால் கருவி பறவையைக் காண்பதில்லை. ஆந்தை இன்றும் ஜனவரியிலேயே குரலெழுப்புகிறது. அதைக் கேட்க இன்றும் ஒருவர் குளிரில் நிற்கவேண்டியிருக்கிறது.

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்தி என்று எண்ணி ஒதுக்கவேண்டா. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2015 முதல் 2020 வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் மாநிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, மழைக்காலத்தில் ஒருமுறையும் வறண்ட காலத்தில் ஒருமுறையும் சென்று, பறவைப் படநூலுக்கான பதிவுகளைச் செய்து முடித்தார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் அலுவலர்களும் அதில் இருந்தார்கள். அங்கே கண்டது எல்லாப் பறவைகளின் பரவலையும். கூடுகளை மட்டும் தேடியதன்று. ஆயினும் முறை ஒன்றே: கட்டம், நேரம், உண்மை.

நம் நாட்டுப் பறவைகளின் முன்பருவம் நியூயார்க்கின் முன்பருவம் அன்று என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அங்கே நாளை வகுப்பது பனி. இங்கே பெரும்பாலும் மழை. வேடந்தாங்கல் ஏரியில் வடகிழக்குப் பருவமழை பெய்து நீர் நிறைந்த பின்னரே நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டத் தொடங்குகின்றன. மழை முந்தினால் அவையும் முந்தும். மழை பொய்த்தால் அவை வாராமலும் போகலாம். உங்கள் ஊர் ஏரியில் முதற்கூடு எந்த நாளில் தோன்றிற்று என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். நாள், நேரம், இடம், கண்ட பறவை, அது செய்த செயல் ஆகிய ஐந்தும் இருக்கட்டும். பிறர் சொல்லக் கேட்டதைப் பார்த்ததாக எழுதவேண்டா. ஐயமானதை ஐயம் என்றே எழுதுங்கள். கூட்டின் அருகே செல்லவேண்டா. ஓராண்டுக் குறிப்பு சிறிது. பத்தாண்டுக் குறிப்பு ஒரு வரலாறு.

நியூயார்க் மாநிலத்தின் மூன்றாம் களப்பணி 2024இல் நிறைவெய்தியது. முதற்கணக்கில் இளைஞராக நடந்தவர்கள் இப்போது முதியோர். அவர்கள் 1980இல் இட்ட புள்ளிகளைக் கொண்டே இன்றைய மாறுதல்கள் அளக்கப்படுகின்றன. அன்று பிப்ரவரி மாதத்து இரவொன்றில் யாரோ ஒருவர் ஆந்தைக் குரலைக் கேட்டு, நாளையும் இடத்தையும் சரியாக எழுதி வைத்தார். அவர் பெயர் நமக்குத் தெரியாது; அவர் எழுதிய வரி இன்றும் பயன்படுகிறது. கண்டதைக் கண்டபடி எழுதுவோர் நம் ஊர்களிலும் பெருகுவார்களாயின், நம் பறவைகளுக்கும் கணக்கு உண்டாகும். கணக்கு உண்டானால், இழப்பதற்கு முன்னரே காப்பதற்கு வழியும் உண்டாகும்.